அன்பரசியைப் படகில் ஏற்றினேன்

சேத்தியாத்தோப்பு
7.10.2024

வாசுகிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். படத்தில் பார்த்தேன்.

போனில் பேசினால் நான் கத்துவேன். பாதியில் அழுகை வந்து சொல்ல வந்தது நின்றுவிடும். அதனால்தான் எழுதி கொளஞ்சியிடம் கொடுத்து அனுப்புகிறேன். விருத்தாசலம் பஸ்ஸில் அவன்தானே கண்டக்டர். "ஏங்க்கா, வாட்ஸப் இருக்கையில காயிதமா?" என்றான். 

காலாண்டு லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று அன்பரசி கேட்டாள். நானும் அனுப்பினேன். அவளுடைய அண்ணன் போனதிலிருந்து இந்த வீட்டில் அவள் சிரித்தே பார்க்கவில்லை. உன் பிள்ளைகளோடு விளையாடினால் மனசு மாறும் என்று நினைத்தேன். கோயிலுக்குப் போவார்கள், பாலக்கரையில் துணி எடுப்பார்கள், வந்துவிடுவார்கள். இவ்வளவுதான் என் நினைப்பு.

நேற்று இவர் போனில் தம்பி வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்தேன். உன் இனியவன், தமிழினி, கூடவே என் பெண். எல்லாரும் படகில், கேரளா என்று கீழே போட்டிருந்தது. பின்னால் கரையே தெரியவில்லை, வெறும் தண்ணீர். என் பெண் ஓரத்தில் உட்கார்ந்து கையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறாள். நீ சிரிக்கிறாய்.

செந்தமிழன் போய் இரண்டு வருஷம் முழுசாக ஆகவில்லை. வெள்ளாற்றில் மணல் அள்ளிய குழியில் என் பிள்ளை போனது உனக்குத் தெரியாதா? மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. அவளை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ரயிலேற்றிக் கேரளா கொண்டுபோய்த் தண்ணீர்மேல் உட்கார வைத்திருக்கிறாய்.

நேற்று வந்தவள் பையைக்கூடத் திறக்கவில்லை. நானும் அவளிடம் பேசவில்லை. இனி உன் வீட்டுக்கு அவள் வரமாட்டாள். என் தம்பியிடமும் இதைப் படித்துக் காட்டு.

கனகா


விருத்தாசலம்
10.10.2024

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் லோடு வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பீங்கான் சாமான் ஏற்றுகிற வண்டி, எத்தனை துடைத்தாலும் வெள்ளைத்தூள் போகாது. இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பதில் நான் எழுதுகிறேன், ஏனென்றால் செய்தது நான். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னா ஆவும் தெரியுமா?" என்று ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றுகூடக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். இதோ சொல்கிறேன்.

ஆலப்புழை போவது முன்பே முடிவான விஷயம். என்னோடு பொம்மைக்கு வர்ணம் பூசும் பிரபாவைத் தெரியுமல்லவா? அவள் தங்கை ஜெயஸ்ரீ அங்கே முகம்மா என்ற ஊரில் நர்ஸ். காயல் கரையிலேயே வீடு. "புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வாங்கக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் டிக்கெட் போட்டிருந்தோம். அன்பரசி வந்ததும், கிளம்புவதற்கு முன் அவளை உங்களிடம் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவள்தான் அடுப்படியில் வந்து நின்றாள். "நானும் வரேன் அத்தை. அம்மாகிட்ட கேக்காதீங்க. கேட்டா வேணாம்னுதான் சொல்லும். சொன்னதுக்கப்புறம் என்னால மீற முடியாது."

அண்ணி, பதிமூன்று வயதுப் பெண் இதைச் சொல்கிறாள். உங்களை எதிர்க்க அவளுக்கு விருப்பமில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. நான் என்ன செய்வேன்? உங்களிடம் கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அங்கே நடந்ததை நீங்கள் படத்தில் பார்த்தது போதாது. நானே சொல்கிறேன்.

அந்த ஊரில் படகு என்பது நமக்கு டவுன் பஸ் மாதிரி. கவர்மென்ட் படகு, டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள். நிறுத்தம் வந்தால் மணி அடிக்கிறார்கள். கிளம்பவும் மணி. தமிழினிக்கு அந்த மணிமேல்தான் கண். கடைசி நாள் மணி அடிக்கிற ஆள் அவளைத் தூக்கி ஒருமுறை அடிக்க விட்டார். வாய்க்காலுக்கு வாய்க்கால் படகிலேயே சுற்றினோம். வீட்டு வாசற்படி நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. அதில் உட்கார்ந்து பாத்திரம் விளக்குகிறார்கள். கேஸ் சிலிண்டர் படகில் வருகிறது. ஒரு வள்ளத்தில் பசுமாடு ஒன்று நின்றுகொண்டு போனது. "மாட்டுக்கும் டிக்கெட் உண்டாம்மா?" என்று இனியவன் கேட்டான். உங்கள் தம்பி சத்தம் போட்டுச் சிரித்தார். காயல் நடுவே போன பிறகும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்ததுதான்.

முதல் நாள் அன்பரசி ஏறவில்லை. படகுத்துறையில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நாங்கள் யாரும் இழுக்கவில்லை. ஒரு படகு போனது, அடுத்ததும் போனது. வெயில் ஏறிய பிறகு அவளாகவே, "அந்த மேல தொங்குதே ஜாக்கெட்டு, அத எனக்குப் போட்டு வுடுங்க" என்றாள். எங்கள் எல்லாருக்கும் மாட்டினேன். படகில் வேறு யாருமே போடவில்லை. எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். உள்ளே போய் நட்டநடுவில், எஞ்சின் பக்கம் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒன்று அவள் தொடையைத் தட்டி மலையாளத்தில் ஏதோ சொன்னது. பயப்படாதே மகளே என்று அர்த்தமாம், ஜெயஸ்ரீ சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் நீங்கள் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யூனிபாரத்தோடு பள்ளிக்கூடப் பெண்கள் ஏறினார்கள், அவள் வயசு. ஒருத்தி பையை மடியில் வைத்து, தலையைச் சாய்த்து, தூங்கிவிட்டாள். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், அவள் பாட்டுக்குத் தூங்குகிறாள். அன்பரசி அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் எழுந்து, ஓரமாய்ப் போய் உட்கார்ந்து, கையை நீட்டினாள். படத்தில் நீங்கள் பார்த்த கை அதுதான்.

நீங்கள் கோபப்படுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அன்பரசியைப் படகில் ஏற்றினேன் என்பதற்காக நான் வருந்தமாட்டேன். நாளைக்கு இன்னொரு முறை கேட்டாலும் ஏற்றுவேன்.

வாசுகி


சேத்தியாத்தோப்பு
18.10.2024

வாசுகிக்கு,

கதை நன்றாக எழுதுகிறாய். மாடு வருகிறது, மணி வருகிறது. ஒரே ஒரு இடத்திலாவது தப்புதான் என்று எழுதுவாய் என்று கடைசி வரி வரைக்கும் பார்த்தேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அன்று அவனைத் தேடும்போது ஆற்றங்கரையில் ஊரே நின்றது. எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் மட்டும் அவன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டு போட்டு நேராக நிறுத்தியிருந்தான். வந்து எடுத்துக்கொள்வான் என்று இருந்தது. இப்போதும் பாலத்தில் பஸ் ஏறினால் நான் கண்ணைத் திறப்பதில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வேன். கொளஞ்சிக்குத் தெரியும், பாலம் தாண்டியதும் "வந்துட்டோம்க்கா" என்று சொல்லுவான்.

நீ சுற்றிப் பார்த்த ஊரில் தண்ணீர் படி வரைக்கும் வந்து நிற்கும். எங்கள் ஊரில் அது ஆளை எடுத்துக்கொண்டு போகும். இரண்டும் ஒன்றில்லை.

அன்பரசிக்கும் தண்ணீரில் கண்டம் இருப்பதாக ஜோசியர் சொல்லியிருக்கிறார். அவனுக்கும் பிறந்தபோதே சொன்னார். சொன்னபடி நடந்ததா இல்லையா?

தீபாவளி வரிசை என்று தம்பி எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வந்தால் கதவு திறக்காது. எனக்குப் பிறந்த வீடு இல்லை என்று இருந்துகொள்கிறேன்.

கனகா


விருத்தாசலம்
5.11.2024

அண்ணிக்கு,

சொன்னபடியே கதவைத் திறக்கவில்லை. அவர் வரிசைப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பிப் பார்த்தாராம். பை அப்படியே இருந்ததாம். இன்னொரு டீ குடித்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம், "அக்கா வூட்ல ஆள் இல்ல போலருக்குது" என்றார். ஆள் இருந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்காக அப்படிச் சொன்னார்.

அண்ணி, அன்று குழிக்குள் முதலில் குதித்தது அவர்தான். நீச்சல் அரைகுறை. அவரையே வெளியே இழுத்துப் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஆறு இருக்கிற பக்கம் லோடு வந்தால் வேறு ஆளை அனுப்பிவிடுவார். படகில் அவரும் நடுவில்தான் உட்கார்ந்தார், அன்பரசி பக்கத்தில். மாமனும் மருமகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. காயலின் நடுவே போனதும் அவர் அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அன்பரசி மட்டும், "மாமா, அந்தப் பறவை தண்ணிக்குள்ள போயி எவ்ளோ நேரமா வெளிய வரல பாரேன்" என்று காட்டினாள். நீர்க்காகம். அது வேறெங்கோ தலையைத் தூக்கியது. இரண்டு பேரும் அதற்கப்புறம் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள், எங்கே முங்கி எங்கே எழும்புகிறது என்று.

உங்கள் வீட்டில் துக்கம் இருக்கிறது. என் வீட்டில் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் என் பிள்ளைகளுக்குத் துக்கத்தைக் கொடுப்பேன், பயத்தைக் கொடுக்கமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் நீச்சல் கற்றுக்கொள்கிறோம். கருவேப்பிலங்குறிச்சியில் பிரபாவின் அப்பா வீட்டுக் கொல்லையில் கிணறு. படிக்கட்டு இறங்கும் பெரிய கிணறு. பிரபா சின்ன வயதிலிருந்தே அதில் குதித்து வளர்ந்தவள். இனியவனுக்கு முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி இறக்கினாள். அப்புறம் என்னையும் இறக்கினாள். நைட்டிமேல் அவருடைய சட்டை. கொல்லை வழியாகப் போன ஒரு பெரியவர், "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டார். எனக்கு முப்பத்திநாலு. மூக்கில் தண்ணீர் ஏறி மூச்சு முட்டியது, படியைப் பிடித்தேன், மறுபடியும் போனேன்.

ஜோசியர் கண்டம் என்றார். சரி. கண்டம் என்று தெரிந்த பிள்ளைக்கு முதலில் நீச்சல் அல்லவா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? செந்தமிழனுக்கு நீந்தத் தெரிந்திருந்தால் அவன் தானே வந்து அந்த சைக்கிளை எடுத்திருப்பான்.

எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்து அழிக்கப்போவதில்லை.

வாசுகி


சேத்தியாத்தோப்பு
9.12.2024

வாசுகிக்கு,

ஒரு மாதம் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு காகிதத்தை அடுப்பில் போட்டேன். அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? தினமும் என்னோடு எழுந்து என்னோடு படுக்கிற வரி அது. எவள் எழுதினாலும் தாங்கியிருப்பேன். நீ எழுதியிருக்கக் கூடாது.

இப்போது எழுதுவது, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று உனக்கும் தம்பிக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. தம்பி இவருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்ததாகக் கொளஞ்சி சொன்னான். போன் தண்ணீரில் போய்விட்டது.

புயல் மழையில் ஆறு திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. காலையில் வாசலில் இருந்தது, கஞ்சி வடிப்பதற்குள் நடுவீட்டில். இவர் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பி வர முடியவில்லை. நானும் அன்பரசியும் கட்டில்மேல். அப்புறம் தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் வீடு வீடாக வந்தார்கள்.

நான் ஏறவில்லை, வாசுகி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "நா வர மாட்டேன், எங்க வூட்லயே கெடக்குறேன், பொண்ண மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றேன். பெண்ணை மட்டும் என்று வாய் சொல்லிவிட்டது, கை அவளை விடவில்லை. அந்த ஆட்கள் கெஞ்சினார்கள், அதட்டினார்கள். இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருந்தது அவர்களுக்கு.

என் பெண் என் விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். கோபமாக இல்லை, பொறுமையாக. அவள் முதலில் இறங்கி, காலை அகட்டி வைத்து நின்று, கையை நீட்டினாள். "நடுவுல உக்காரும்மா. ஓரத்தப் புடிக்காத. என்னயப் பாரு, தண்ணியப் பாக்காத." ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதே. என் தலையை அவள் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் செத்த வீட்டில் என் மடியில் கிடந்த பெண். அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரோடும் தங்கியிருந்தபோது, நான் கேட்காமலே அந்த ஊரைப் பற்றிச் சொன்னாள். "தண்ணி மேல ஒரு பொண்ணு தூங்குச்சும்மா. அது மாதிரி ஒரு நாளாவது எனக்குத் தூக்கம் வரணும்னு நெனச்சேன்." இத்தனை நாள் அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

அதற்காக நீ செய்தது சரி என்று நான் எழுதப்போவதில்லை. பெற்றவளிடம் கேட்காமல் கொண்டுபோனது தப்பு. தப்புதான்.

வீடு முழுக்கச் சேறு. தம்பியை வரச்சொல். மண்வெட்டி இங்கே இருக்கிறது.

கனகா


விருத்தாசலம்
16.12.2024

அண்ணிக்கு,

கடிதம் வந்த அன்றே அவர் கிளம்பிவிட்டார். லோடு வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் வழியாகவே வந்திருக்கிறார் பாருங்கள். நானும் வந்திருப்பேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கூப்பிடவில்லை, அதனால் வரவில்லை. வண்டியில் வந்த அரிசியும் பாயும் அவரும் பிள்ளைகளும் கட்டியவை. பீங்கான் கப்புகள் நான் வைத்தது.

அந்த ஒரு வரிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது உண்மையா பொய்யா என்பது வேறு. அதை உங்கள்மேல் எறிந்தேன். அது தப்பு. கேட்காமல் கூட்டிப்போனதும் தப்புதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தடவை உங்களிடம் கேட்பேன்.

இதுதான் அந்த அடுத்த தடவை. அன்பரசியை எங்களோடு கிணற்றுக்கு அனுப்புங்கள். மழைத்தண்ணீர் கொஞ்சம் இறங்கித் தெளியட்டும் என்று பிரபா சொல்கிறாள். பொங்கல் சமயத்தில் சரியாக இருக்குமாம். இனியவன் இப்போது கேன் இல்லாமல் குறுக்கே போகிறான். நான் பாதி தூரம் போவேன். தமிழினி படியில் உட்கார்ந்து எங்களைத் திட்டுவாள். இடுப்பில் கயிறு கட்டித்தான் பிரபா இறக்குவாள். மேலே ஒருத்தர் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். இந்த முறை மீறமாட்டேன். ஆனால் அடுத்த மாதம் மறுபடி கேட்பேன். அதற்கடுத்த மாதமும் கேட்பேன்.

வாசுகி


சேத்தியாத்தோப்பு
6.1.2025

வாசுகிக்கு,

உன் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனேன். இவரும் கூட வந்தார். பதினெட்டு வயது வரைக்கும் பெண்ணைத் தண்ணீர்ப் பக்கமே காட்டக்கூடாது என்றார் ஜோசியர். கட்டத்தை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். நான் குனிந்து பார்க்கவில்லை.

"சாமி, தண்ணிப் பக்கம் நாங்க போவல. அதுதான் நடுவூட்டுக்கு வந்துச்சு" என்றேன். "ஒங்க பேச்சக் கேட்டு ஒருத்தன வளத்தேன். இவள என் பேச்சக் கேட்டு வளத்துக்குறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டேன். இவர் பின்னாலேயே ஓடிவந்து, "ஏ கனகா, பெரியவர்கிட்ட இப்புடியா பேசுறது?" என்றார். பிறகு தெருமுனையில் நின்று, "சரி, எப்ப கூட்டிக்கிட்டுப் போவணும்?" என்று கேட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறோம். உன்மேல் இருக்கிற கோபம் போகவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். தெருவில் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள், பையனைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் பெண்ணையும் இறக்கப் போகிறாள் என்று. காதில் விழும்படி பேசினாள் ஒருத்தி. அவளிடம், "ஒம் பொண்ணையும் அனுப்பு, சேத்துக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

கிணற்றில் நான் இறங்கமாட்டேன். இப்போதைக்கு இல்லை. படியில் நிற்பேன். முகத்தை மூடிக்கொள்ளமாட்டேன்.

அந்தக் கயிற்றை நான் பிடிக்கிறேன். பிரபா வேண்டாம், தம்பி வேண்டாம், நீயும் வேண்டாம். எப்போது இறுக்க வேண்டும், எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடு. நான் அழுதாலும் கயிற்றை வாங்கிக்கொள்ளாதே.

விடுவது நானாக இருக்க வேண்டும்.

கனகா